மாணாக்கர் ஆக்கும் இசைக்காணொளியும் இலக்கமுறைக் கருவிகளும்

பாட்டொன்றனை முதலில் ஒலிப்பதிவு செய்து, பின்னர் அதற்கேற்பக் காட்சி வகுத்து, இரண்டனையும் பிணைத்து வெளியிடும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனை ஆங்கிலத்தில் ‘மியூசிக் வீடியோ’ என்பர். தமிழில் இசைக்காணொளி எனலாம். 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆந் திகதி அமெரிக்காவிலே எம்.ரீ.வி. என்னுந் தொலைக்காட்சி நிலையம் இவற்றையே இடையறாது காட்டத் தொடங்கிய பின்னர், இவ்வகை ஆக்கம் தனியொரு கலைவடிவாக மதிக்கப்படலாயிற்று. வணிகத்தின் பொருட்டுப் பிறந்த இவ்வடிவம் கல்விக்கூடத்தினுள்ளும் புகுந்தமை வியப்பன்று. இங்கிலாந்திலே ஓ.சி.ஆர். எனப்படும் பரீட்சைச் சபை, 2008ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக்காலம் நடத்திய உயர்தர ஊடகவியற் பாடத்திட்டத்தில், மாணாக்கர் தெரிந்துகொள்ளத்தக்க செயன்முறைப் பணிகளுள் இசைக்காணொளி ஆக்குதலும் ஒன்றாயிருந்தது. காணொளியோடு இசைத்தட்டின் உறை, பத்திரிகை விளம்பரம் போன்ற துணை ஆக்கங்களும் வேண்டப்பட்டன. 100 புள்ளிகளில் ஆராய்ச்சிக்கும் திட்டத்திற்கும் 20, ஆக்கத்திற்கு 60, மதிப்பீட்டிற்கு 20 என வகுத்திருந்தனர். மதிப்பீட்டிற்கென விடுக்கப்பட்ட வினாக்கள் நான்கனுள் ஒன்று, ஆராய்தல், திட்டமிடல், ஆக்கல், மதிப்பிடல் ஆகிய நிலைகளிலே தொழினுட்பம் எவ்வாறு கையாளப்பட்டது என்பது. கமராவின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் வரிசையாக எழுதிவிடுதல் இதற்கு விடையாகாது. கருவி எவ்விடத்தில் ஆக்குவோனது கருத்தைத் திருத்தியது என்பதனைக் காட்டுதலே விடையாகும். இலங்கைப் பள்ளிகளிலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என ஒரு பாடம் இருத்தலின், இவ்வினா நமக்கும் அயலானதன்று.

இலக்கமுறை, அதாவது டிஜிட்டல் முறை, வருமுன்னர்ப் படம் பிடித்தல் பெருஞ்செலவினது. 16 மில்லிமீற்றர் அகலமுள்ள படச்சுருள் 100 அடி நீளத்தது, செக்கனுக்கு 24 படமாக ஓடின் மூன்று நிமிடத்திற்குள் முடிந்துவிடும். நான்கு நிமிடப் பாட்டொன்று அதில் ஒருமுறைதானும் அடங்காது. இன்றோ, செக்கனுக்கு 50 மெகாபிற்று என்னும் அளவிற் பதியுங் கமராவில் ஒரு நிமிடக் காட்சி 375 மெகாபைற்று இடத்தையே கொள்ளும். அப்பாட்டை முழுமையாகப் பத்து முறை பதிந்தாலும் 15 கிகாபைற்று அளவிலே நின்றுவிடும். கைவிரல் நகமளவான நினைவட்டை ஒன்று அதனைத் தாங்கும். இதனாற் காசுச் சிக்கனம் வேண்டாததாயிற்று. காலச் சிக்கனமோ முன்னையினும் வேண்டுவதாயிற்று. எதனை எடுப்பது என்று எண்ணாது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருபவர், மணிக்கணக்கான காட்சிகளைப் பார்த்துக் கழிப்பதிலேயே தவணையைச் செலவிடுவர். அவ்வாறு கழித்த பின்னரும் பாட்டின் இரண்டாஞ் சரணத்திற்கு வைக்க ஒரு காட்சியும் இல்லாதிருத்தல் கூடும். மலிவான கருவியின் கேடு இது.

ஆகவே திட்டம் எங்கிருந்து தொடங்குதல் வேண்டும்? பாட்டிலிருந்து என்பதே விடை. நாடகத்திலும் கதைப்படத்திலும் காட்சியின் நீளத்தை ஆக்குவோன் வேண்டியவாறு நீட்டலாம், குறுக்கலாம். இசைக்காணொளியிலே நீளம் முன்னரே அறுதியிடப்பட்டுவிட்டது. பாட்டே அளவுகோல், படம் அதற்கு அடங்கி நடக்கவேண்டும். நிமிடத்திற்கு 100 தட்டு விழும் பாட்டொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டு 0.6 செக்கன். செக்கனுக்கு 25 படம் என வைத்துப் பதியின், ஒரு தட்டிற்குச் சரியாக 15 படம் வரும். நான்கு நிமிடத்தில் 400 தட்டு, 6000 படம். ஆதி தாளத்திற்கு 8 அட்சரம் ஆதலின், நம்மவர் கணக்கில் இது 50 ஆவர்த்தனம். இவ்வாறு கண்டவுடனே ‘நான்கு நிமிடம்’ என்னும் உருவற்ற பொருள், நிரப்பப்படவேண்டிய 50 அறைகளாகக் கண்முன் நிற்கும். எந்த ஆவர்த்தனத்தில் பல்லவி மீள்கின்றது, எங்கே வாத்தியம் தனித்து ஒலிக்கின்றது எனக் குறித்துக்கொண்டால் திட்டத்தின் பாதி முடிந்தது.

எல்லாப் பாட்டும் இவ்வளவு இணக்கமாக வகுபடுவதில்லை. நிமிடத்திற்கு 96 தட்டாயின் ஒரு தட்டிற்கு 15.625 படம். அதனை 16 எனக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிச்சென்றால், ஓர் ஆவர்த்தனத்தில் 3 படம் பிழைக்கும். எட்டு ஆவர்த்தனம் செல்வதற்குள் காட்சி ஏறத்தாழ ஒரு செக்கன் பின்தங்கிவிடும். ஆதலாற் கணக்கினாற் கூட்டிச்செல்லாது, படத்தொகுப்பு மென்பொருளிற் பாட்டின் ஒலியலையை விரித்துவைத்து, தட்டு விழும் இடங்களிலே நேரே குறியிடுதல் தகும். இது தாளம் போடத் தெரிந்த மாணவனுக்கு அரை மணி நேர வேலை.

அளவு அறிந்தபின் பொருள். பாட்டின் சொல்லுக்கும் படத்திற்கும் உள்ள உறவினை அண்ட்ரூ குட்வின் என்பார் 1992ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் மூவகைப்படுத்தினார். சொல்வதையே காட்டல் ஒன்று. சொல்லாததைச் சேர்த்து விரித்தல் ஒன்று. சொல்லோடு மாறுபட நிற்றல் ஒன்று. மழையைப் பாடும் பாட்டிற்கு மழையையே காட்டுவது முதல்வகை. மழைக்கு ஏங்கும் உழவன் வீட்டின் வெறுங்குதிரைக் காட்டுவது இரண்டாவது. வெடித்த நிலத்திலே குடைகளை விரித்து ஆடுவோரைக் காட்டுவது மூன்றாவது. இளையோர் பெரும்பாலும் முதல்வகையிலே நின்றுவிடுவர். பூ என்ற சொல் வரும்போது பூவைக் காட்டுவதைப் பிழையென்று கூறுதற்கில்லை. ஆயினும் நான்கு நிமிடமும் அவ்வாறே செல்லின் படம் பாட்டிற்கு அரும்பதவுரையாகிவிடும்.

இலக்கமுறைக் கருவிகள் மாணாக்கருக்கு அளித்த கொடைகளுள் தலையாயது எதுவெனின், உயர்ந்த கமராவன்று. ‘அனிமாற்றிக்’ எனப்படும் முன்னோட்டமே எனலாம். ஒவ்வொரு காட்சியையும் கோட்டுப்படமாகக் கடதாசியில் வரைந்து, கைத்தொலைபேசியாற் படம்பிடித்து, கணினியிலே பாட்டின்மேல் அததற்குரிய இடத்தில் அடுக்கி ஓடவிட்டுப் பார்த்தல் இம்முறை. ஓவியத்திறம் இதற்கு வேண்டா. கோட்டு மனிதர் போதும். ஏட்டிலே நன்றாகத் தோன்றிய கருத்து, ஓடவிடும்போது 20 செக்கன் அசையாது கிடப்பதனைக் கண் உடனே கண்டுகொள்ளும். பெரிதும் எண்ணிப் போற்றிய ஒரு காட்சிக்குப் பாட்டில் இடமே இல்லையென்பதும் அப்போதுதான் தெரியவரும். அதனை நீக்கச் செலவில்லை. படப்பிடிப்பு முடிந்தபின் நீக்குவதாயின், ஒரு சனிக்கிழமையும் பதினைந்து பேரின் உழைப்பும் வீணாகும். வரைபடத்தை எடுத்துவிட்டுப் பதிந்த காட்சியை அவ்விடத்தில் இட்டுக்கொண்டே செல்லின், முன்னோட்டமே படிப்படியாகப் படமாகிவிடும். எவ்விடம் இன்னும் வெறுமையாய் உள்ளது என்பதும் எப்பொழுதும் தெரியும். பரீட்சைச் சபை கேட்ட வினாவிற்குச் சான்றோடு விடையிறுக்கவும் இது துணையாகும். முதல் முன்னோட்டத்தையும் முடிந்த படத்தையும் அருகருகே வைத்தால் கருத்து எங்கே மாறியது என்பது விளங்கும்.

படப்பிடிப்பிற் பாடுவோர் பெரும்பாலும் பாடுவதில்லை. பதிந்த பாட்டை ஒலிக்கவிட்டு அதற்கேற்ப வாயசைப்பர். 1935ஆம் ஆண்டு வங்காளத்திலே ‘பாக்ய சக்ர’ என்னும் படத்திற் கையாண்ட பின்னணி முறையே இது. ஒலிபெருக்கியைப் பாடுவோர்க்கு அண்மையில் வைத்தல் வேண்டும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரே செல்லும். ஒலிபெருக்கி 34 மீற்றர் தொலைவிலிருப்பின் பாட்டு அவர் செவிக்குப் பத்திலொரு செக்கன் பிந்தியே எட்டும்; அது இரண்டரைப் படம். உதடும் சொல்லும் ஒவ்வாமையை அவ்வளவிலேயே பார்ப்போர் உணர்வர். வாயை மட்டும் அசைத்தாற் கழுத்து நரம்பு அசையாது. ஆதலின் மெய்யாகவே உரக்கப் பாடச்செய்வது நன்று.

விளக்கொளியிற் பதிவோர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இலங்கையிலும் இங்கிலாந்திலும் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. அதனாற் பழைய குழல்விளக்கு செக்கனுக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்கு அது தெரியாது, கமராவுக்குத் தெரியும். செக்கனுக்கு 25 படம், ஒவ்வொன்றும் ஐம்பதிலொரு செக்கன் ஒளிபெறுதல் என்று வைத்தால், ஒவ்வொரு படத்திலும் சரியாக இரண்டு மினுக்கம் அடங்கும், ஒளி சமமாயிருக்கும். அமெரிக்க மின்னோட்டத்திற்கு ஏற்ற 30 படம், அறுபதிலொரு செக்கன் என்னும் அளவுகளில் விட்டுவிட்டாற் காட்சி துடிக்கும். கைத்தொலைபேசிகள் பல அவ்வளவிலேயே தொடங்குவன. அன்றியும் அவை ஒளிக்கேற்பத் தாமே படவேகத்தை மாற்றிக்கொள்ளும் இயல்பின. அவ்வாறு பதிந்ததைத் தொகுக்கும்போது உதடு மெல்லமெல்லப் பாட்டை விட்டு விலகும். படவேகத்தையும் ஒளியளவையும் குவியத்தையும் மாறாது பூட்டிவைக்கும் செயலியொன்றைப் பயன்படுத்துதல் இதற்குப் பரிகாரம்.

பாட்டை இருமடங்கு விரைவில் ஒலிக்கவிட்டு, அவ்விரைவிலேயே வாயசைக்கச் செய்து, செக்கனுக்கு 50 படமாகப் பதிந்து, 25 படமாக ஓட்டினால் உதடு பாட்டோடு பொருந்தும். உடலோ கனவிற்போல மெல்ல இயங்கும். பொலிஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் 1983ஆம் ஆண்டிலே மெழுகுவர்த்திகளிடையே இவ்வித்தையைச் செய்து காட்டினர். அன்று அதற்குத் திரைப்படக் கமரா வேண்டியிருந்தது; இன்று மாணவன் சட்டைப்பையிலுள்ள பொறி போதும்.

பொருளாற் குறைந்து திட்டத்தாற் சிறந்த ஆக்கத்திற்கு 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓகே கோ என்னும் அமெரிக்கக் குழுவினரின் காணொளி தக்க சான்று. உடற்பயிற்சிக்குரிய ஓடுபட்டைப் பொறிகள் எட்டு, அசையாத கமரா ஒன்று, நால்வர் ஆடல். வெட்டோ ஒட்டோ இல்லை. ஒரே ஓட்டத்திற் பிழையின்றி முடிக்கப் பதினேழு முறை முயன்றனர் என்ப. அவ்வாக்கம் 2007ஆம் ஆண்டிற் கிராமி விருது பெற்றது. ஒத்திகையே அதன் மென்பொருள்.

தொகுப்பு வேலை முன்னோட்டம் செய்தோர்க்குப் பெரிதும் எளிது. முழுப்பாட்டிற்கும் எடுத்த பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாட்டோடு பொருத்தி, வேண்டியவிடத்து வேண்டியதைத் தெரிந்தாற் போதும். ஒவ்வொரு தட்டிலும் காட்சியை வெட்டுதல் இளையோர்க்கு விருப்பமானது. நான்காவது ஆவர்த்தனத்தில் அது சலிப்பூட்டும். சில தட்டுகளை வெட்டாது கடந்து, எதிர்பாராத இடத்தில் வெட்டுவதிலேதான் சுவை. நிறந்திருத்தல் முதலியன இறுதியிற் செய்யத்தக்கன. பதிந்தவற்றை அன்றே இரண்டு வேறு இடங்களிற் படியெடுத்து வைத்தல் எவ்வாற்றானும் தவிர்க்கலாகாது. சோதனைக்கு முதல்நாள் வன்தட்டுப் பழுதானபின் எப்பரீட்சைச் சபையிடம் முறையிட்டும் பயனில்லை.

உரிமை பற்றிய செய்தி கடைசியிற் கூறப்படினும் முதலிற் செய்யவேண்டியது. பாட்டொன்றில் உரிமை இரண்டு: சொல்லும் மெட்டும் ஆக்கியோர் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. ஆக்கியோர் உரிமை, அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் நிற்கும் என்பது இங்கிலாந்துச் சட்டத்திற்கும் இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்திற்கும் ஒத்தது. 1921ஆம் ஆண்டில் மறைந்த பாரதியாரின் சொற்களை எவரும் கையாளலாம். ஆனால் அவற்றிற்குப் பின்னொருவர் அமைத்த மெட்டும், ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவும் வேறு. வகுப்பறையிலே காட்டும்வரை இவ்வேறுபாடு தோன்றாது. யூரியூப் தளத்தில் ஏற்றியவுடன், அங்குள்ள பொறி பாட்டைத் தானே இனங்கண்டு உரியவர்க்கு அறிவித்துவிடும். காணொளி முடக்கப்படுதலும் உண்டு. கல்லூரி இசைக்குழுவினரே புதிதாக மெட்டமைத்துப் பாடிப் பதிவு செய்வது இவ்விடருக்கு நல்ல மாற்று. பிறர் பாட்டே வேண்டுமெனின், இசைவு கேட்கும் கடிதம் முதற்காட்சியை வரையுமுன் எழுதப்படல் வேண்டும். மறுப்பு வரினும் வேறு பாட்டுத் தெரிய அப்போது காலமிருக்கும்.