பாட்டிலில் வந்த தண்ணீர்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதைக் குறிப்பிடுகிறது. அந்தக் கணக்கு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் தந்தது.

நிலமும் நீரும் இப்படிக் கெட்டுக்கொண்டிருந்தபோதும், அன்று கல்லூரி வேதியியல் வகுப்பில் தண்ணீர்ப் பரிசோதனை என்றால் பியூரெட்டும் கூம்புக் குடுவையும்தான். யாரோ நிரப்பி வைத்த பாட்டில் மேஜைமேல் இருக்கும். கரைசல் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியதும் கடினத்தன்மையைக் கணக்கிட்டு, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. எந்த ஊர்க் கிணறு, யார் குடிக்கிறார்கள் என்ற கேள்வி எழாது. அதே கடினத்தன்மையைத்தான் ஊரில் பெண்கள் ‘பருப்பு வேகமாட்டேங்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வேறொரு வழக்கில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவால் பட்டப்படிப்பில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பாடத்திட்டம், மாசுபட்ட ஓரிடத்தை நேரில் பார்ப்பதையும் அதில் சேர்த்தது. கள வேலைக்கு ஒதுக்கியது 50 மணியில் 5. அந்த வாசல் வழியாகவும் ஆய்வேடுகளுக்காகவும் இன்று மாணவர்கள் கிணற்றடிக்கே போகிறார்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் போகும்வரை போரை ஓடவிட்டுப் பிறகே பிடிக்கிறார்கள். உப்பின் அளவை அங்கேயே மீட்டர் சொல்கிறது. இடத்தைக் கைப்பேசி குறித்துக்கொள்கிறது. உலோகங்களைச் சோதிக்கும் பாட்டிலில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவது வழக்கம். ஆனால் நச்சு மிகுந்த ஆறிணைதிறக் குரோமியத்தைத் தேடும் பாட்டிலில் விடக்கூடாது. விட்டால் அது வேறு வடிவத்துக்கு மாறி, இல்லாததுபோல் காட்டிவிடும். ஒரு சொட்டில் ஒரு கிணற்றின் உண்மை மறைந்துபோகும் என்பதைக் கரும்பலகை இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை.

மாறாதது ஒன்று உண்டு. முடிவுகள் ஆய்வேட்டிலும் ஆங்கில இதழிலும் நின்றுவிடுகின்றன. தண்ணீர் கொடுத்த விவசாயிக்கு அவர் கிணற்றின் கணக்கு வருவது அரிது. பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடிக்கலாமா, பாய்ச்சலாமா என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கிணற்றுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்த மாணவருக்கே மதிப்பெண் போடுங்கள்.