புளி விளக்கைத் துலக்கும், சட்டியை ஏன் அரிக்கும்?

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் புசல்லாவைத் தோட்ட லயங்களில் பித்தளைக் குத்துவிளக்குகள் புளியில் குளிக்கும். புளியிலுள்ள தாத்தாரிக் அமிலம், கறுத்துப்போன செப்பு ஒட்சைட்டைக் கரைத்துவிடும். அடியிலுள்ள பித்தளையை எளிதில் தொடாது.

அதே புளி சேர்த்த குழம்பை அலுமினியச் சட்டியில் இரவெல்லாம் வைத்தால் கதை வேறு. அலுமினியத்துக்குக் காவல், கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம். அமிலம் அதை மெல்லக் கரைக்க, உலோகம் குழம்பில் இறங்கும். சட்டியில் சிறு பள்ளங்கள் விழும். மண்சட்டியோ சிலிக்கேட்டால் ஆனது, புளிக்கு அசையாது. மீன்குழம்புக்கு அதுதான் சரி, ருசிக்காக மட்டுமல்ல!

மண்ணிலும் இதே வேதியியல்தான். தேயிலை pH 4.5 முதல் 5.5 வரையான புளித்த மண்ணை விரும்பும். உரத்தால் அமிலம் மிஞ்சினால் டொலமைட் தூள் போடுவார்கள். கண்டிக்கு அருகே திகனையில் வெட்டியெடுக்கும் கல் அது. அதிலுள்ள காபனேற்று அமிலத்தைத் தணித்துக் காபனீரொட்சைட்டாக வெளியேறும். கழிவறை அசிட் சிந்திய சீமெந்துத் தரை நுரைப்பதும் இதனால்தான், தரை அரிபடுகிறது.

அந்த அசிட்டோடு குளோரின் வெளுப்பானை மட்டும் கலக்காதீர்கள். எழுவது நச்சு வாயு.