உஷார்! பிறந்த மண்ணிலேயே அந்நியராகிவிடாதீர்கள்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களே, உங்கள் வீட்டில் சமைப்பவரிடமும் பாத்திரம் தேய்ப்பவரிடமும் இன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று எவராவது கையெழுத்து வாங்கினார்களா?

நான் கேட்டதால்தான் எங்கள் வீட்டு விஷயம் தெரிந்தது. சமைக்கிற தீதி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். "பௌதி, இது சரியா இருக்கா பாருங்க. ஆறாயிரம் கொடுத்திருக்கேன்." உள்ளே, அவருடைய அம்மா எல்லைக்கு அப்பால் படித்ததாக ஒரு பள்ளிச் சான்றிதழ். தேதி 1961. தாள் நல்ல பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் டீ வாசனை. அந்தக் கறைக்கு மேலே ஹெட்மாஸ்டர் முத்திரை மட்டும் நேற்று குத்திய மாதிரி பளிச்சென்ற நீலம். இதெல்லாம் போகட்டும், தலைப்பில் வங்காள எழுத்தில் ‘பங்களாதேஷ்’ என்று அச்சடித்திருந்தது. 1961-ல் ஏது பங்களாதேஷ்? அது கிழக்குப் பாகிஸ்தான். புரோக்கருக்குச் சரித்திரம் தெரியவில்லை. தீதிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும்.

அதைவிட வயிற்றைக் கலக்கியது அடுத்த தாள். ‘நான் வங்கதேசத்திலிருந்து வந்தவள்’ என்று தீதி சொல்வதுபோல் நிரப்பிய விண்ணப்பம். தீதி பிறந்தது 1982-ல், ராணாகாட் கூப்பர்ஸ் கேம்ப் பக்கத்தில். எல்லையைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் நிறுத்துங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், தூதர் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்கு போக, பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அப்பா அம்மா எந்த நாட்டவர் என்ற கேள்வியே இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே நடந்ததுதான்: 1986-ல் மண்டபம் முகாமில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் பிறந்த பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இந்த விதியை வைத்துத்தான். அப்படி இருக்க, பிறவிக் குடிமகளை ஆறாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அந்நியர் ஆக்குகிறான் ஒருவன்!

ஏன் போய் விழுகிறார்கள்? பயம். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் மேற்கு வங்கத்தில் சுமார் 58 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஆனால் சியால்தா லோக்கல் ரயிலில் எண்ணிக்கை மட்டும்தான் பயணம் செய்கிறது.

சரி, சோதனையே வேண்டாம் என்றால்? அதுவும் நடக்காது. 2024 டிசம்பரில் கொல்கத்தா போலீஸ் ஒரு போலி பாஸ்போர்ட் கும்பலைப் பிடித்தது. அந்த வழக்கில் தபால் துறையின் ஒப்பந்த ஊழியரும், ஓய்வுபெற்ற போலீஸ் எஸ்.ஐ.யும் கைதானார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை. சல்லடை வேண்டும்தான். ஆனால் இந்த ஊரில் சல்லடை எப்படிப் பிடித்தார்கள் என்பதையும் பாருங்கள். 1958 மார்ச் 31-க்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு நிவாரணம் இல்லை என்று அரசு கதவைச் சாத்தியது. 1964-ல்தான் மறுபடி திறந்தது. தீதியின் அம்மா வந்தது 1962-ல். வாசலில் காகிதம் கொடுக்க ஆளில்லை. அறுபது வருடம் கழித்து, காகிதம் எங்கே என்று கேட்டால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? டீயில் நனைத்துக் கொடுப்பவனிடம்தான்.

உண்மையாகவே எல்லை தாண்டி வந்தவர்களுக்கு 2024 மார்ச்சில் வந்த குடியுரிமைத் திருத்த விதிகள் இருக்கின்றன. மூன்று நாடுகளின் ஆறு சமயத்தாருக்கு மட்டும், 2014 டிசம்பர் 31-க்குள் வந்திருந்தால் மட்டும். (ஈழத் தமிழருக்கு அதில் இடமே இல்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.) அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, தபால் கண்காணிப்பாளர் தலைமையிலான மாவட்டக் குழு முன்னால் அசல் ஆவணங்களோடு நேரில் நிற்க வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும். இதில் புரோக்கருக்கு என்ன வேலை? பொய்த் தகவல் தந்தால் ஐந்தாண்டு வரை சிறை. மோசடியால் பெற்ற குடியுரிமையைத் திரும்பப் பறிக்கவும் சட்டம் உண்டு. மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான்.

அரசுக்கு ஒன்று சொல்வேன். விற்றவனைப் பிடியுங்கள், ஏமாந்து வாங்கியவர் பொய்த் தாளை ஒப்படைத்துவிட்டு மெய்யைச் சொல்ல ஒரு கெடு கொடுங்கள். வட்டத்துக்கு ஒரு இலவச உதவி மேஜை போட்டால் பாதி புரோக்கர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

எங்கள் தீதியின் விண்ணப்பம் நல்லவேளையாக இன்னும் போகவில்லை. ஆறாயிரமும் திரும்பவில்லை. அவர் பிறந்த பதிவைத் தேடி அடுத்த வாரம் ராணாகாட் போகிறோம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் உதவி இலவசம். சட்ட உதவி எண் 15100. பெரிதாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள், முடிந்தால் வங்காளத்திலும்.