நாண்மீன் எங்கே? – வானம் பார்க்கத் தொடங்குவோருக்கு

ளகரம் ணகரமாகத் திரிவதற்கு எடுத்துக்காட்டாக, இலக்கண வகுப்பில் ஆண்டுதோறும் நான் எழுதிக் காட்டிய சொற்கள் இரண்டு: நாள் + மீன் = நாண்மீன்; கோள் + மீன் = கோண்மீன். நிலவு நாள்தோறும் சென்று சேரும் விண்மீன்கள் நாண்மீன்கள். அவற்றினூடே தனிநடை கொண்டு நகரும் வெள்ளி, செவ்வாய், வியாழன் முதலியவை கோண்மீன்கள். புணர்ச்சி விதியைப் பிழையின்றி விளக்கிய நான், பணி ஓய்வு பெறும்வரை ஒரு நாண்மீனையேனும் வானில் சுட்டிக் காட்ட அறியேன்.

இந்நிலை எனக்கு மட்டும் உரியதன்று. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது நட்சத்திரம் எதுவென்று கேட்டால் தயங்காமல் சொல்கிறோம். அது வானில் எங்கே உள்ளது என்று கேட்டால் விழிக்கிறோம். சொல் நாவில் நிலைத்திருக்கப் பொருள் கண்ணை விட்டு அகன்றுவிட்டது. ஆகவே, வானியலில் புதிதாக அடியெடுத்து வைக்கும் தமிழருக்கு நான் கூறும் முதல் அறிவுரை: உங்கள் நாண்மீனைத் தேடுங்கள். சோதிடத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். பெயர்கள் நம் அனைவருக்கும் பொது.

நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டா. ஓய்வு பெற்றவுடன் முதலில் ஒரு தொலைநோக்கியை வாங்கினேன். எதை நோக்கித் திருப்புவது என்று தெரியாமையால் அது பல மாதங்கள் பொருளறையில் தூங்கியது. முதலில் பழக வேண்டியது கண். நேரடி விளக்கொளி படாத ஒரு திடலைத் தேர்ந்து, இருபது நிமிடமாவது கைப்பேசித் திரையைப் பாராமல் இருங்கள். கண் இருளுக்குப் பழகும். முன்பு தெரியாதவை தெரியும்.

தொடங்குவதற்கு ஏற்றது பிப்ரவரி நடுப்பகுதி. வடபுல நாட்டு நூல்கள் பல துருவ மீனிலிருந்து தொடங்கும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் இருப்பதால், அது இங்கே தொடுவானை ஒட்டி மறைந்துவிடுகிறது. நமக்கு வழிகாட்டும் மீன்கள் உச்சி வானில் உள்ளன. இரவு ஒன்பது மணியளவில் தலைக்கு மேலே, ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று மீன்களைக் காண்பீர்கள். ஓரையன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சை அது.

அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. கையை நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் வானில் சுமார் பத்துப் பாகை. இடைக்கச்சைக்கு வடக்கே ஒரு முட்டியளவில் செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. தெற்கே ஏறக்குறைய அதே தொலைவில் நீலவெண்மையாய் ஒளிர்வது ரைஜல். மூன்று மீன்களையும் இணைக்கும் கோட்டை வடமேற்கே இரண்டு முட்டி நீட்டினால் ரோகிணி. மேலும் ஒன்றரை முட்டி சென்றால் கார்த்திகைக் கூட்டம். திருவாதிரைக்கு மேற்கே, வேட்டைக்காரனின் தலையாகிய மங்கலான மூன்று மீன்களே மிருகசீரிடம்.

கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை என்று நாம் மனப்பாடமாய் ஒப்பித்த அடுக்கு, மேற்கிலிருந்து கிழக்காக விரியும் வானத்தின் வரிசை என்பதை அங்கு நின்றபோதுதான் உணர்ந்தேன். அது நிலவு செல்லும் வழி. நிலவு விண்மீன்களிடையே ஒரு சுற்று வர ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. 360 பாகையை 27ஆல் வகுத்தால் பதின்மூன்றே கால் பாகைக்குச் சற்று மேல். ஆகவே, ஓரிரவுக்கு ஒரு நாண்மீன். அடுத்தடுத்த இரு இரவுகளில் ஒரே நேரத்தில் பாருங்கள்; அருகிலுள்ள விண்மீனை விட்டு ஒரு முட்டிக்குச் சற்று மேலாக நிலவு கிழக்கே நகர்ந்திருக்கும்.

நம் திருவிழாக்களும் இதற்குச் சான்று. தைப்பூச இரவில் முழுநிலவின் இருபுறமும் நோக்குங்கள். மேற்புறத்தில் இணையாக நிற்கும் புனர்பூச மீன்கள், கீழ்த்திசையில் மகம். இடையில், நிலவொளியில் கரைந்திருப்பது பூசம். அடுத்து வரும் மாசி மகத்தில் முழுநிலவு மகத்தை நெருங்கியிருக்கும்.

எல்லா நாண்மீன்களும் ஒளிமிக்கவை அல்ல. உங்களுடையது மங்கலாயின், அண்மையிலுள்ள ஒளிமீனிலிருந்து தொடங்குங்கள். முன்னிரவில் மே மாதத்தில் சித்திரையும் சோதியும், ஜூலையில் தேளின் நெஞ்சில் சிவந்திருக்கும் கேட்டையும் எளிதில் புலப்படும். மினுக்காமல் நிலையாய் ஒளிர்வது பெரும்பாலும் கோண்மீனாக இருக்கும். விண்மீன் நமக்கு ஒரு புள்ளியே ஆதலால் காற்றின் அலைவு அதைத் துடிக்கச் செய்கிறது. கோளோ சிறு வட்டமாதலால் துடிப்பு அடங்குகிறது.

சில மாதம் பழகியபின் 10×50 பைனாகுலர் ஒன்று போதும். பத்து என்பது உருப்பெருக்கம். ஐம்பது என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். கை நடுங்காமல் ஊன்றிப் பிடித்தால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் துணைக்கோள்களை நீங்களும் காணலாம். சனியின் வளையத்துக்கே தொலைநோக்கி வேண்டும். எக்கருவி கொண்டும் ஞாயிற்றை நேரே நோக்காதீர்கள், கண் பறிபோகும்.

ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் கண்டதும் எழுதி வையுங்கள். என் ஏட்டின் முதற்பக்கத்தில் இருப்பது ஒரே வரி: ‘திருவாதிரை, சிவப்பு.’ அது என் பிறந்த மீன். அறுபது வயதுக்கு மேல்தான் கண்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனைக் காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லும்போது, அன்றிரவே அவர்களை வெளியே அழைத்துச் சென்று அது இருக்கும் திசையைக் காட்டுங்கள்.