விற்கும் கம்ப்யூட்டருக்குள் யாருடைய ஆதார் இருக்கிறது?

சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகக் கம்ப்யூட்டரில் முதலாளியின் கணக்குவழக்கு மட்டும் இருப்பதில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்கள், ஆண்கள் அத்தனை பேருடைய ஆதார் நகல், பாஸ்புக்கின் முதல் பக்கம், பிஎஃப், இஎஸ்ஐ எண்கள், நாமினி பெயர் எல்லாம் அதில்தான் கிடக்கும். அச்சகத்து டிடிபி மெஷினில் வாடிக்கையாளர் கொடுத்த லேபிள் டிசைன்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஆடிப் பதினெட்டுக்கு வெளிவரும் காலண்டர் ஆல்பத்தின் மூலப்படங்கள். விருதுநகர் பருப்பு மண்டியிலோ டாலி கணக்கும், பிரவுசரில் சேமித்து வைத்த ஜிஎஸ்டி, வங்கி பாஸ்வேர்டுகளும்.

தீபாவளிக் கணக்கு முடிந்து புது மெஷின் வாங்கும்போது பழையது எக்ஸ்சேஞ்சில் போகிறது. இல்லையென்றால் தெரிந்த பையனுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, எடைக்குப் பழைய இரும்புக் கடைக்கோ போகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத மெஷின்கள் இப்போது நிறையக் கைமாறும். அந்த மெஷின் உங்கள் சொத்துதான், விற்கலாம். அதற்குள் இருக்கும் தொழிலாளியின் ஆதாரை விற்க உங்களுக்கு உரிமை இல்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அமலாக 18 மாத அவகாசம் உண்டு. அதன்பிறகு, பிறர் விவரங்களைச் சேகரித்து வைத்திருப்பவர் அதைப் பாதுகாக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தான் ஒப்புதலோடு கொடுத்த விவரத்தை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு. அதே சமயம், வேறு சட்டங்கள் வைத்திருக்கச் சொல்லும் கணக்கை அவசரப்பட்டு அழித்துவிடவும் கூடாது. ஜிஎஸ்டி கணக்கை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, தேவையானதை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது.

நம் ஊருக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. பட்டாசுக் கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்டியல் அது. ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் தீபாவளி நெருங்கினால் சிவகாசி பெயரில் போலித் தளங்கள் முளைக்கின்றன. பணம் கட்டியவருக்குச் சரக்கு வருவதில்லை. இப்படிப்பட்ட தளம் நடத்துபவர் கையில் உங்கள் பழைய பில் விவரம் சிக்கினால் என்ன ஆகும்? “போன வருஷம் நம்ம கடையில இவ்வளவுக்கு வாங்கினீங்க சார், இந்த வருஷம் பாதி விலை, அட்வான்ஸ் மட்டும் போடுங்க” என்று அவர் பேசுவார். தொகை சரியாக இருப்பதால் எதிர்முனையில் நம்பிவிடுவார்கள். கெடுவது உங்கள் கடையின் பெயர்.

“எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்” என்பது போதாது. டெலிட் செய்வதும், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதும், குயிக் பார்மட் போடுவதும் பேரேட்டின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது மாதிரி. உள்பக்கங்கள் அப்படியே இருக்கும். இலவச மென்பொருள் ஒன்றே அவற்றை மீட்டுக் கொடுத்துவிடும். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 158 பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மிச்சத்தில் ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. மார்கன் ஸ்டான்லியின் பிரிவு ஒன்று, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் ஏற்றும் நிறுவனத்திடம் பழைய டிஸ்க்குகளை ஒப்படைத்தது. அவற்றில் சில வாடிக்கையாளர் விவரங்களோடு ஏலத்துக்கு வந்தன. 2022 செப்டம்பரில் மார்கன் ஸ்டான்லியின் அந்தப் பிரிவு மூன்றரைக் கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. “கடைக்காரரே அழிச்சுடுவார்” என்று விட்டுவிடுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

முறையாக அழிப்பது கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். விண்டோஸ் 10, 11-இல் ‘ரீசெட் திஸ் பிசி’ போய் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுத்து, கூடவே ‘கிளீன் டேட்டா’ என்பதையும் ஆன் செய்யுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி ஒன்றைத்தான். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க்குக்கு இதுவே பெரும்பாலும் போதும். பல மணி நேரம் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுப் போகலாம். எஸ்எஸ்டி விஷயம் வேறு. அது தேய்மானத்தைப் பரப்புவதற்காகத் தரவை இடம் மாற்றி மாற்றி எழுதும். மேலெழுதினாலும் ஏதாவது மூலையில் பழையது தங்கலாம். அதற்குத் தயாரிப்பாளரே தரும் ‘செக்யூர் எரேஸ்’ கருவிதான் சரி. இல்லையென்றால் முதலில் பிட்லாக்கர் போட்டு டிஸ்க் முழுவதையும் குறியாக்கிவிட்டு, பிறகு ரீசெட் செய்யுங்கள். டிஸ்க் பழுதாகி ஓடவே இல்லையென்றால் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுங்கள். பழுதான டிஸ்க்கிலிருந்தும் தரவை எடுப்பவர்கள் உண்டு. தட்டில் டிரில் போட்டுத் துளைத்த பிறகே அதைக் கழிவுக்கு அனுப்பலாம்.

துடைப்பதற்கு முன் டாலி லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியபடியே இருக்கிறதா பாருங்கள், கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள், போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் அந்த மெஷினின் வாட்ஸ்அப்பைத் துண்டியுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல்: பெரிய டிஜிட்டல் நகல் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. நகலெடுத்த ஆதார் அதிலும் தங்கக்கூடும். விற்கும் முன் சர்வீஸ் ஆளிடம் அழிக்கச் சொல்லுங்கள்.

தானமாகக் கொடுக்கிறவர்கள் அரசுப் பள்ளிகளை நினைப்பது நல்ல மனம். ஆனால் ஓடாத மெஷினைக் கொடுத்தால் பள்ளிக்குச் சேருவது கழிவுதான். சார்ஜர், கீபோர்டு, மவுஸோடு, பாஸ் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தால் பிள்ளைகள் உடனே உட்காரலாம். விற்றாலும் தந்தாலும் சீரியல் எண், தேதி, வாங்குபவர் பெயர் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெஷினை வைத்து நாளைக்கு யாராவது குற்றம் செய்தால் உங்களைக் காப்பது அந்தத் தாள். வாங்குகிறவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும், திருட்டுப் பொருளில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

உடைந்ததை எடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போக வேண்டும். ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடத்தில் நச்சுப் புகையைச் சுவாசிப்பது கூலிக்கு நிற்பவர். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், காகிதக் குடோனிலோ பட்டாசு இருக்கும் கட்டடத்திலோ வைக்கவே வைக்காதீர்கள். பழுதான லித்தியம் பேட்டரி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நெருப்போடு தொழில் செய்யும் ஊரில் இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

அழிக்காமலே விற்றுவிட்டீர்களா? இன்றே வேறொரு மெஷினிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். மெஷினில் யார் யார் ஆவணம் இருந்ததோ அவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டலாம், தங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், வருடம் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையில் தெரியாத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று சோதிக்கலாம். பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்; சீக்கிரம் சொன்னால் கைமாறிய பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுத்து, புகார் எண்ணோடு வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.