மருத்துவமனைத் துப்புரவுப் பணி: தொழிலும் தொண்டும்



ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர், பெற்றோர் சிலர் எங்கள் குழுவினரைத் தேடி வருகிறார்கள். "ஐயா, பிள்ளைக்கு மதிப்பெண் குறைவு. எந்த வேலைக்கு அனுப்பலாம்?" என்று கேட்கிறார்கள். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்த தாய்மார்களோ, நாற்பது வயதுக்குமேல் தங்களை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். மருத்துவமனைத் துப்புரவுப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னால் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "கூட்டிப் பெருக்கவா பத்தாண்டு படிக்க வைத்தோம்?" என்று ஒரு தகப்பனார் என்னிடமே கேட்டார். அந்தக் கேள்விக்கு நிதானமாக விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

துப்புரவும் மருத்துவத்தின் பகுதியே

மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் என்றார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து கவனிப்பவரையும் அவர் சமமாக வைத்து எண்ணினார். இக்கால மருத்துவமனையில் அந்த நான்காம் அங்கத்தில் தாதியரோடு துப்புரவாளரும் அடங்குவார். இதைப் புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை; கணக்கே இருக்கிறது.

1846ஆம் ஆண்டு வியன்னா நகரப் பொது மருத்துவமனையின் ஒரு பிரசவப் பிரிவில், நூறு தாய்மார்களில் ஏறக்குறைய 11 பேர் பிரசவக் காய்ச்சலால் இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று கண்டவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். 1848இல் அந்த இறப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்தது. புது மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. கை சுத்தமானது, அவ்வளவுதான்.

இன்றும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் 100 நோயாளிகளில் வசதி மிக்க நாடுகளில் 7 பேரும், ஏனைய நாடுகளில் 15 பேரும் அங்கேயே ஒரு புதிய தொற்றைப் பெறுகிறார்கள். முறையான தடுப்பு நடவடிக்கைகளால் இவற்றில் 70 விழுக்காடு வரை தவிர்க்க முடியும் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

கிருமிகள் கட்டில் கம்பியிலும் மேசையிலும் கதவுப் பிடியிலும் உயிரோடு தங்கியிருக்கின்றன. புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி காய்ந்த பரப்பில் சில நாட்கள் முதல் ஏழு மாதங்கள் வரை பிழைத்திருக்கக்கூடும். ஒரு நோயாளி வீடு திரும்புகிறார். அந்தக் கட்டில் சரியாகத் துடைக்கப்படவில்லை. அடுத்து வருபவருக்கு முன்னவரின் கிருமி காத்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் ஸ்டெஃபனி டான்சர் என்னும் நுண்ணுயிரியல் மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு அறுவைச் சிகிச்சை வார்டுகளுக்கு ஒரே ஒரு துப்புரவாளரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். ஆறு மாதம் ஒரு வார்டிலும் அடுத்த ஆறு மாதம் மற்றதிலுமாக, அடிக்கடி கைபடும் இடங்களைத் துடைப்பதே அவர் வேலை. அவ்விடங்களில் கிருமி மாசு 32.5 விழுக்காடு குறைந்தது என்று 2009இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு கூறுகிறது. ஓர் ஆள், ஒரு துணி, ஒரு வாளி: அதன் பலன் இவ்வளவு!

வாசக்கூட்டி முதல் வார்டு வரை

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். விடியுமுன் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் வேளையிலேயே வாசக்கூட்டியின் துடைப்பச் சத்தம் லயத்து வாசலில் கேட்கும். கால்வாய் வழிந்தோடியது அவரால்தான். மலேரியாக் கொசு பெருகாமல் கால்வாய்களில் எண்ணெய் அடிப்பவர் இன்னொருவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸருக்குக் கிடைத்த மரியாதையில் கால்பங்குகூட இவர்களுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் காய்ச்சல் வந்தபின் மருந்து கொடுத்தவர் டிரஸ்ஸர். வராமலே தடுத்தவர்கள் இவர்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் விற்கப்பட்டு நம் மக்கள் பட்டணம் வந்தபோது, பெண்கள் பலருக்கு வருமானம் தந்த கதவுகளுள் மருத்துவமனையும் ஒன்று. 1997 ஜனவரி முதல் அரசு மருத்துவமனைகளின் ஐந்து ஆதரவுச் சேவைகள் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றல், கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு என்பன அவை. அதுமுதல் வார்டைத் துடைப்பவர் பெரும்பாலும் குத்தகை நிறுவனத்தின் ஊழியர்.

அடுத்த ஆண்டே பேராக்குக்கு ஒரு சோதனை வந்தது. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் மூளைக் காய்ச்சலால் விழத் தொடங்கினர். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றுதான் முதலில் எண்ணினார்கள். 1999இல்தான் அது நிப்பா என்னும் புதிய கிருமி என்று தெரிந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நோயின் பெயர் தெரியுமுன்பே நோயாளி வார்டுக்கு வந்துவிடுகிறார். ஆகவே எவருடைய இரத்தத்தையும் உடல்நீரையும் தொற்றுள்ளதாகவே கருதி நடக்க வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி.

தொழிலின் நுட்பம்

வீட்டைக் கூட்டுவதும் வார்டைத் துடைப்பதும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். வார்டில் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது; தூசியோடு கிருமியும் எழும்பும். சுத்தமான இடத்தில் தொடங்கி அழுக்கான இடத்தில் முடிக்க வேண்டும். மேலிருந்து கீழாக வர வேண்டும். கழிவறைத் துணி வார்டுக்கு வரக் கூடாது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இதற்காகவே நிறம் வகுத்திருக்கிறார்கள்: கழிவறைக்குச் சிவப்பு, பொது இடத்துக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை, தனிமை அறைக்கு மஞ்சள்.

கிருமிநாசினியை அளந்து கலப்பதும் ஒரு கலை. அழுக்கின்மேல் குளோரின் நீரை ஊற்றினால் அந்த அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சோப்பு நீரால் துடைத்து, பிறகு மருந்து நீரால் துடைத்து, அது குறித்த நேரம் ஈரமாக இருக்க விட வேண்டும். ஐந்து விழுக்காட்டுக் குளோராக்ஸ் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் பத்து இலட்சத்துக்கு ஆயிரம் பங்கு என்னும் அளவு வரும். இரத்தம் சிந்திய இடத்துக்கு இதைவிடப் பத்து மடங்கு வீரியம் வேண்டும் என்பது பொது விதி. இக்கணக்கைப் போட ஐந்தாம் வகுப்பில் நான் கற்பித்த விகிதப் பாடமே போதும்! குளோராக்ஸோடு கழிவறை கழுவும் அமிலத்தை மட்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். வீட்டிலும் இதே எச்சரிக்கைதான்.

கழிவிலும் பிரிவு உண்டு. நம் நாட்டு மருத்துவமனைகளில் பொதுக் குப்பை கறுப்புப் பையிலும், இரத்தம் தோய்ந்த மருத்துவக் கழிவு மஞ்சள் பையிலும், ஊசி முதலிய கூர்மையானவை துளைக்க முடியாத பெட்டியிலும் போக வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டவிதிகளில் மருத்துவக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 404 என்று தனிக் குறியீடே இருக்கிறது.

தன்னைக் காப்பது முதற்கடமை

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது மூன்று.

முதலாவது, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. நம் நாட்டில் குழந்தைகளுக்கு இது 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் மூன்று தவணைகளும் போட்டுக்கொண்டோமா என்று உறுதிசெய்து கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஊசி குத்திவிட்டால் மறைக்கக் கூடாது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி குத்தினால் நூற்றுக்கு 6 முதல் 30 வரை தொற்றும் வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு மூன்று அளவில்தான். ஆயினும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் சில மணி நேரத்துக்குள், தொடங்கியாக வேண்டும். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கையுறை போட்டிருந்தாலும் கழற்றியபின் கைகழுவ வேண்டும். அழுக்குக் கையுறையோடு கதவைத் திறப்பவர் கிருமியை அடுத்த அறைக்கு அழைத்துச் செல்கிறார்.

ஏறிச் செல்லப் படிகள் உண்டா?

உண்டு, ஆனால் தேடிப் பிடிக்க வேண்டும். வார்டுத் துப்புரவிலிருந்து அறுவை அறை, தனிமை வார்டு போன்ற சிறப்புப் பகுதிகளுக்கும், பின் மேற்பார்வையாளர் பொறுப்புக்கும் உயரலாம். துணிப் பிரிவும், கழிவு சேகரிப்பும், அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவும் உடன்பிறந்த தொழில்களே. தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், திறன் மேம்பாட்டுத் துறையின் முன்னனுபவ அங்கீகார முறை வழியாக மலேசியத் திறன் சான்றிதழுக்கு முயலலாம். எந்தப் பிரிவில், எந்த நிலையில் விண்ணப்பிக்கலாம் என்பதை அத்துறை அலுவலகத்தில் கேட்டறிக. அறிவியலில் நல்ல தேர்ச்சி உள்ள பிள்ளைகள் தாதியர் பயிற்சி பெற்றுத் தொற்றுத் தடுப்புத் தாதியாகலாம். சுற்றுப்புறச் சுகாதார உதவி அதிகாரிக்கான பட்டயப் படிப்புக்கும் போகலாம்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு 45 மணி நேரத்துக்குமேல் செய்வது மிகைநேர வேலை. ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் பிடித்துக் கட்டப்படுகின்றனவா என்று முதல் மாதமே சம்பளச் சீட்டைப் பாருங்கள். குத்தகை கைமாறும்போது பழைய பணிக்காலம் கணக்கில் வராமல் போவது தொழிற்சங்கத்தினரின் நெடுநாள் குறை. 2020 ஜூன் 2ஆம் நாள், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த ஐவர் கைது செய்யப்பட்டதை அன்பர்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள். அவ்வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நாம் வீட்டுக்குள் அடைந்திருந்த நாட்களில், அவர்கள் வார்டுக்குள் இருந்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நாம் செய்யக்கூடியது

நம் கல்வி உதவி விண்ணப்பங்களை நான்தான் படித்துச் சரிபார்க்கிறேன். ஒரு மாணவி "தாயார் தொழில்" என்ற இடத்தில் "துப்புரவு" என்று எழுதி, அதை அடித்துவிட்டு "மருத்துவமனை ஊழியர்" என்று எழுதியிருந்தாள். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த அடித்தல் கோடு என் மனத்தை உறுத்தியது. அதை அவள் கையில் போட வைத்தவர்கள் நாம். நம் பேச்சு, நம் பெண் பார்க்கும் படலம், நம் முகச்சுளிப்பு.

திருநாவுக்கரசர் பெருமான் கையில் உழவாரம் ஏந்தி ஆலயப் பிராகாரங்களைச் செதுக்கித் துப்புரவாக்கினார். அதைத் தொண்டுகளில் உயர்ந்ததாகப் போற்றுகிறோம். ஆண்டுதோறும் நாமும் உழவாரப் பணி செய்து படம் எடுத்துக் கொள்கிறோம். அதே வேலையை நோயுற்றவர் படுக்கையருகே தினந்தோறும் செய்பவரை எப்படிக் குறைத்து மதிக்க முடியும்?

ஆகவே சில வேண்டுகோள்கள். மருத்துவமனைக்குப் போனால் நோயாளியின் கட்டிலில் உட்காராதீர்கள். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கைகழுவுங்கள். வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் ஊசியைக் குப்பைப் பையில் வீசாமல் கெட்டியான போத்தலில் இட்டு மூடி, அருகிலுள்ள கிளினிக்கில் கேட்டு ஒப்படையுங்கள். அந்த ஊசி யாரோ ஒரு தாயின் விரலில் ஏறக்கூடும். நன்கொடையாளர்களே, இவ்வேலைக்குப் புதிதாகச் செல்பவர்களின் தடுப்பூசிச் செலவுக்கும் திறன் சான்றிதழ்க் கட்டணத்துக்கும் நம் அறநிலையம் உதவ வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழிய இருக்கிறேன். உங்கள் ஆதரவு தேவை.

"கூட்டிப் பெருக்கவா படிக்க வைத்தோம்?" என்று கேட்ட தகப்பனாருக்கு என் விடை இதுதான்: ஐயா, இந்தப் பெருக்குதலுக்குப் படிப்பு வேண்டும். அதை நன்றாகக் கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அடிக்காமல் எழுதச் சொல்லுங்கள்.