மாதிரி விமானமும் சமநிலை காக்கும் வாங்கியும்

ஒரு பொருளை ஆகாயத்தில் எழுப்புவது ஒரு கலை. எழும்பிய பொருளைச் சரியாது காப்பது அதனினும் அரிய கலை. 1903 ஆம் ஆண்டில் ரைற் சகோதரர் பெற்ற வெற்றிக்கு, விமானத்தை மூன்று அச்சுக்களிலும் ஆளும் வழியை அவர்கள் கண்டமையே பெருங் காரணமாகும். அவ்வாட்சியைக் கருவியொன்றிடம் ஒப்படைக்கும் முயற்சியும் விரைவில் தொடங்கிற்று. 1914 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பாரிசு நகருக்கு அண்மையில், செயின் நதியின்மேற் பறந்த லோறன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர், தம் இரு கைகளையும் மேலே உயர்த்திக் காட்டினார். அவருடைய உதவியாளர் சிறகின்மீது நடந்து சென்றார். ஒரு பக்கத்திற் பாரம் கூடியும் விமானம் சரியவில்லை. உள்ளே சுழன்றுகொண்டிருந்த ஜைரோஸ்கோப்புக்கள் அதனைக் காத்தன.

அன்று பளுவான இயந்திரமாயிருந்த அக்கருவி, இன்று விரல் நகத்தினும் சிறிய சிலிக்கன் துண்டாகி, மாணவர் பறக்கவிடும் மாதிரி விமானங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. அதனைத் தன்னகத்தே கொண்ட வானொலி வாங்கியைச் சமநிலை காக்கும் வாங்கி என்போம். அதற்கு நாம் எவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பதையே இங்கு ஆராய்வோம்.

சாதாரண வாங்கியின் தொழில் எளியது. தரையில் நிற்பவர் செலுத்தியின் கோலை அசைக்கிறார். பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் அலைகளில் வரும் கட்டளையை வாங்கி பெற்று, சேர்வோ மோட்டர்களுக்கு மின்துடிப்புக்களாக அனுப்புகிறது. துடிப்பின் நீளம் 1500 மைக்கிரோ செக்கனாயின் மோட்டர் நடுவில் நிற்கும். 1000 ஆயின் ஒரு புறமும் 2000 ஆயின் மறுபுறமும் திரும்பும். அதற்கேற்பச் சிறகிலுள்ள ஏலறன்களும், வாலிலுள்ள எலிவேற்றரும் சுக்கானும் அசையும்.

சமநிலை காக்கும் வாங்கி இதனோடு மற்றொரு கருமத்தையும் ஆற்றுகிறது. அதனுள் நுண்ணிய சிலிக்கன் திணிவொன்று இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கும். விமானம் திரும்பும்போது, கொரியோலி 1835 ஆம் ஆண்டில் விளக்கிய விளைவினால், அத்திணிவு பக்கவாட்டிற் சிறிது விலகும். அவ்விலகலிலிருந்து திரும்பும் வேகத்தை வாங்கி அறிந்து, நம் கட்டளையோடு தன் திருத்தத்தையும் கூட்டி மோட்டருக்கு அனுப்புகிறது.

இக்காவல் இருவகைப்படும். முதலாவது, காற்று உலுக்கும்போது அவ்வுலுக்கலை மட்டும் தணிப்பது. சரிந்த விமானத்தை இது மீண்டும் நிமிர்த்தாது. அது விமானியின் பொறுப்பு. இரண்டாவது, ஆர்முடுகல்மானியின் துணையோடு ‘கீழ்’ எது என்பதையும் அறிந்து, கோலைக் கைவிட்டவுடன் விமானத்தைக் கிடையாக்குவது. ஸ்பெக்ட்ரம் என்னும் நிறுவனம் முதல்வகையை ஏ.எஸ்.3எக்ஸ் என்றும் இரண்டாம் வகையைச் சேஃப் என்றும் பெயரிட்டு விற்கிறது.

இனி, கற்பிக்கும் முறையைக் காண்போம். தொடங்குமுன் விமானத்தின் விசிறியைக் கழற்றிவிடல் வேண்டும். வாங்கியை எத்திசை நோக்கிப் பொருத்தினோம் என்பதையும், விமானம் சாதாரண வாலுடையதா, வாலற்ற முக்கோணச் சிறகினதா, ‘வி’ வடிவ வாலினதா என்பதையும் முதலில் அதற்கு அறிவிக்க வேண்டும். பின்னிரு வகைகளிலும் இரு கட்டளைகளைக் கலக்கும் வேலையை வாங்கியே செய்யுமாயின், செலுத்தியிலுள்ள கலப்பை நிறுத்திவிடல் வேண்டும்; இருமுறை கலந்தால் குழப்பமே மிஞ்சும். மின்கலத்தை இணைத்தபின் சில செக்கன்கள் விமானத்தை அசையாது வைத்திருத்தலும் அவசியம். அசைவின்மை இன்னதென்பதை வாங்கி அப்பொழுதே அறிந்துகொள்கிறது.

அடுத்து வருவதே யாவற்றினும் முக்கியமானது. கோலை வலப்புறம் தள்ளினால் வலப்புற ஏலறன் உயர்கிறதா என்று எல்லோரும் பார்ப்பர். தலைகீழாயின் செலுத்தியில் மாற்றித் திருப்தியடைவர். ஆனால் கோலின் திசையும் திருத்தத்தின் திசையும் வெவ்வேறானவை. செலுத்தியிற் செய்யும் மாற்றம் முன்னதை மட்டுமே திருத்தும். பின்னது வாங்கியினுள் தனியே திருத்தப்பட வேண்டியது. ஆகையால் கோலைத் தொடாது விமானத்தைக் கையிலேந்திச் சோதித்தல் வேண்டும். வலச்சிறகைத் தாழ்த்தினால் வலப்புற ஏலறன் கீழே இறங்கவேண்டும். மூக்கை உயர்த்தினால் எலிவேற்றர் கீழே இறங்கவேண்டும். மூக்கை இடப்புறம் திருப்பினால் சுக்கான் வலப்புறம் செல்லவேண்டும். முதல்வகைக் காவலில் இவ்வசைவு நாம் விமானத்தைத் திருப்பும் கணத்தில் மட்டுமே தோன்றும். ஆதலாற் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

இச்சோதனையை விடுத்துப் பறக்கவிட்டால் நிகழ்வது என்ன? இளங்காற்றொன்று வலச்சிறகைச் சிறிது தாழ்த்துகிறது. தவறாகக் கற்பிக்கப்பட்ட வாங்கி அதனை மேலும் தாழ்த்துகிறது. தாழத் தாழ, இன்னும் வலிந்து தாழ்த்துகிறது. விமானி கோலைத் திருப்பி உணருமுன் விமானம் கவிழ்ந்து தரையில் மோதும். சுழலும் விசிறியோடு விழும் அவ்விடத்திற் பார்வையாளர் நிற்பின், சேதம் விமானத்தோடு நில்லாது.

திசை சரியானபின் திருத்தத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சைக்கிள் பழகுபவன் சிறு சாய்வுக்குப் பெரிதாகக் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி இருபுறமும் தள்ளாடும். விமானமும் அப்படியே. வேகம் இருமடங்கானால் அசையும் தகட்டின் மீதுள்ள காற்றின் விசை நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாகப் பறக்கும்போது போதாதெனத் தோன்றும் அளவே, விரைந்து பறக்கும்போது நடுக்கத்தை விளைவிக்கும். குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. நடுக்கம் கண்டால் உடனே வேகத்தைக் குறைத்து, அளவையும் தணித்தல் வேண்டும். காவலை முற்றாக நிறுத்தும் ஆளி ஒன்றும் விரலருகே இருத்தல் நன்று. அலை அறுந்தால் மோட்டர் ஓய்கிறதா என்பதையும், விசிறி கழற்றிய நிலையில், செலுத்தியை அணைத்துப் பார்த்தறிக.

இக்கருவியின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. புவியீர்ப்பு மையம் மிகவும் பின்தள்ளி அமைந்த விமானத்தை அது செம்மையாக்காது. வேகம் குன்றி ஏற்றுவிசை இழந்த சிறகுக்கு உயிரூட்டாது. ஆதலால் முதற் பறப்பிற் காவலை நிறுத்தியே விமானத்தைச் செம்மையாக்கி, பின்னர் அதனை இயக்குதல் அனுபவசாலிகளின் வழக்கம். புதிதாகப் பழகும் மாணவர், பறக்கவல்ல மூத்தவர் ஒருவரைக் கொண்டு அம்முதற் பறப்பைச் செய்வித்தல் நன்று.

வாங்கிக்கு நன்மை தீமை தெரியாது. நாம் கற்பித்ததை, அது சரியாயினும் பிழையாயினும், ஒரே ஊக்கத்தோடு செய்து முடிக்கும். ஆகையால் வெளியிடத்திற்கு விமானத்தை எடுத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும், பறக்கவிடுமுன் அதனைக் கையிலேந்தி மும்முறை சாய்த்துப் பாருங்கள். ஒரு நிமிடமும் செல்லாத அச்சோதனை, பல மாத உழைப்பையும் அருகில் நிற்போரின் உடலையும் காக்கும்.